பேத்திக்கு 10 வகை, பாட்டிக்கு 23 வகை: நிமோனியா ஊசி ஏன் இரண்டு?

வந்த கேள்வியின் சுருக்கம் இது: "என் மகளுக்கு ஆறாவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிமோனியா ஊசி போட்டோம். 10 வகைக் கிருமிக்கானது என்றார்கள். அதே மாதம் என் மாமியாருக்கும் டாக்டர் நிமோனியா ஊசி எழுதிக்கொடுத்தார். அது 23 வகைக்கு. இரண்டுமே கிருமியின் மேல் இருக்கும் சர்க்கரையில் செய்தவையாம். அப்படியானால் 23 வகை ஊசியையே குழந்தைக்கும் போட்டிருக்கலாமே? மாமியாருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய். சர்க்கரையில் செய்த ஊசியை அவருக்குப் போடலாமா? ஊசி போட்டுவிட்டால் நிமோனியா வரவே வராதா?"

சர்க்கரை நோய் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பயத்தில் யாரும் ஊசியைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. 23 வகை ஊசியில் ஒவ்வொரு வகைச் சர்க்கரையும் 25 மைக்ரோகிராம் இருக்கும். மொத்தம் 575 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். டீயில் போடும் ஒரு ஸ்பூன் சீனி சுமார் 4 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் ரத்தத்தில் குளுக்கோஸாக ஏறுகிற சர்க்கரை இல்லை. பல வகைச் சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் சங்கிலியாகக் கோத்த பொருள் அது. மாவுச்சத்து, பஞ்சு நார் எல்லாம் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பம். உங்கள் மாமியாரின் சுகர் அளவு இதனால் அசையாது. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதுதான் டாக்டர் இந்த ஊசியை எழுதியதற்கே காரணமாக இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கிருமி வந்தால் தீவிரமாகிவிடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். தாராளமாகப் போடச் சொல்லுங்கள்.

சரி, மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல அந்தச் சர்க்கரையை கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனை ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் பிளேட்டுகளைப் பல வருடம் பார்த்தவன் நான். கிருமியின் சர்க்கரையை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம் என்றால் பலர் நம்புவதில்லை. கிளெப்சியெல்லா என்றொரு பாக்டீரியா உண்டு. ராத்திரி முழுக்க வளர்ந்த பிளேட்டைக் காலையில் திறந்தால், அதன் திட்டுகள் ஈரமாகப் பளபளவென்று ஒன்றோடொன்று வழிந்து கலந்து கிடக்கும். லூப் என்ற வளையக் கம்பியால் தொட்டு மெல்லத் தூக்கினால், சில ரகங்கள் அப்படியே கம்பியாக நீண்டு வரும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது பதம் பார்ப்போமே, அதே மாதிரிதான். அந்தக் கம்பி 5 மில்லிமீட்டருக்கு மேல் அறுபடாமல் நீண்டால் 'ஸ்ட்ரிங் டெஸ்ட் பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட்டில் எழுதுவோம். கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டாக்கும் மூர்க்கமான கிளெப்சியெல்லாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் இழுபடும். லூப் நுனியில் ஒட்டிக்கொண்டு நீள்வது வேறொன்றும் இல்லை, கிருமி தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொண்ட சர்க்கரைதான்.

நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நிமோகாக்கஸும் இதே போல உறை போட்டுக்கொள்ளும். உறையின் வேதியியல் அமைப்பை வைத்துத்தான் அதை வகை பிரிக்கிறோம். இதுவரை 100-க்கு மேற்பட்ட வகைகள் தெரியும். உங்கள் ஊசிகளில் வரும் 10-உம் 23-உம் இந்த வகைகளின் எண்ணிக்கைதான். எந்த வகை என்று கண்டுபிடிக்க ஃப்ரெட் நாய்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர் 1902-ல் கண்ட முறை ஒன்று இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. கண்ணாடிச் சில்லில் கிருமி ஒரு துளி, குறிப்பிட்ட வகைக்கான ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம்) உள்ள சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர், ஒரு துளி, மேலே மூட ஒரு மெல்லிய கண்ணாடி. மைக்ராஸ்கோப்பில் எண்ணெய் லென்ஸ் வைத்துப் பார்த்தால், வகை பொருந்தாத சீரத்தில் கிருமிகள் சும்மா இரட்டைப் புள்ளிகளாகத் தெரியும். பொருந்திய சீரத்தில் ஒவ்வொரு இரட்டைப் புள்ளியைச் சுற்றியும் தெளிவான விளிம்போடு ஒரு வளையம் எழும்பி நிற்கும். அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த உறையின் மேல் ஆன்டிபாடி ஒட்டி, அதைக் காட்டிக்கொடுக்கிறது. முதல்முறை அதைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தடுப்பூசி உடம்புக்குள் செய்ய வேண்டிய வேலை முழுக்க அந்த ஒரு துளிக்குள் நடந்துகொண்டிருந்தது.

இந்த உறை கிருமிக்கு என்ன உதவி செய்கிறது? நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வந்த கிருமியின் மேல் அவை ஒட்டிக்கொள்ளும். வெள்ளை அணுக்கள் அந்த ஒட்டைப் பிடித்துத்தான் கிருமியை விழுங்கும். நிமோகாக்கஸின் உறை ஒரு கொழகொழத்த போர்வை. காம்ப்ளிமென்ட் அதன் அடியில் போய்ச் செல்சுவரில் ஒட்டினாலும், மேலே சர்க்கரை மூடியிருப்பதால் வெள்ளை அணுவின் கைக்கு எட்டாது. கிருமி வழுக்கிக்கொண்டு போய்விடும். உறை இல்லாத நிமோகாக்கஸை எலிக்குச் செலுத்தினால் எலிக்கு ஒன்றும் ஆகாது. உறையோடு செலுத்தினால் செத்துவிடும். லண்டனில் ஃப்ரெடரிக் கிரிஃபித் 1928-ல் வெளியிட்ட பிரபலமான சோதனைக்கு அடிப்படை இதுதான். உறையுள்ள கிருமியைச் சூட்டில் கொன்று, உறையில்லாத உயிருள்ள கிருமியோடு கலந்து செலுத்தினார். எலிகள் செத்தன. உள்ளே இருந்த கிருமிகள் உறை போட்டிருந்தன. செத்த கிருமியிலிருந்து உயிருள்ளதற்கு உறை செய்யும் வித்தையைக் கொண்டுபோன பொருள் எது என்று தேடிக்கொண்டே போய்த்தான் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் 1944-ல் டிஎன்ஏ என்ற பதிலுக்கு வந்தார்கள். பரம்பரைப் பண்பைச் சுமப்பது டிஎன்ஏ என்று உலகம் அறிந்துகொண்டது இந்தச் சர்க்கரை உறையைத் துருவப்போய்த்தான்.

இன்னொரு சாமர்த்தியமும் இந்தக் கிருமிக்கு உண்டு. உறை எப்போதும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. மூக்கின் உட்பக்கம் ஒட்டிக் குடியிருக்க வேண்டிய சமயத்தில் உறை மெலிந்திருந்தால் கிருமிக்கு வசதி, ஏனென்றால் ஒட்டும் புரதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ரத்தத்தில் இறங்கியதும் தடித்த உறை உள்ளவைதான் பிழைக்கும். உங்கள் பாப்பா வயதுக் குழந்தைகள் பலரின் மூக்கில் இந்தக் கிருமி எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாரக்கணக்கில் இருந்துவிட்டுப் போகும். ஒரு சிலரிடம் மட்டும் நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் மூளைக்கும் இறங்கும்.

தடுப்பது எப்படி என்பது இதிலிருந்தே தெரியும். உறையின் மேலேயே ஒட்டுகிற ஆன்டிபாடி வேண்டும். அது இருந்தால் வழுக்கும் போர்வையே வெள்ளை அணுவுக்குப் பிடி கொடுக்கும். அந்த ஆன்டிபாடியை உடம்பே உண்டாக்க வேண்டுமென்றால் உறையின் சர்க்கரையைத்தான் உடம்புக்குக் காட்ட வேண்டும்.

இது ஒன்றும் நேற்று கண்டுபிடித்ததில்லை. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிலையத்தில் ஆஸ்வால்ட் ஏவரியும் டோஷேயும் 1917-லேயே, நிமோனியா நோயாளிகளின் ரத்தத்திலும் சிறுநீரிலும் கிருமியிலிருந்து கரைந்து வந்த ஒரு பொருள் இருப்பதைக் கண்டார்கள். அதே வகைக்கான சீரத்தோடு சேர்த்தால் அது திரிந்து படியும். அது என்ன பொருள் என்று ஏவரியும் மைக்கேல் ஹைடல்பெர்கர் என்ற வேதியியலாளரும் 1923-ல் சொன்னபோது பலர் ஏற்க மறுத்தார்கள். எதிர்ப்புச் சக்தி அடையாளம் காண்பது புரதத்தை மட்டும்தான் என்பது அன்றைய உறுதியான நம்பிக்கை. இவர்களோ அது சர்க்கரை என்றார்கள். சொன்னதுதான் சரி.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில், அமெரிக்காவின் சவுத் டக்கோட்டாவில் விமானப்படைப் பயிற்சி முகாம் ஒன்றில் நிமோனியா விடாமல் வந்துகொண்டிருந்தது. அங்கே சுமார் 17,000 பேரில் பாதிப் பேருக்கு நான்கு வகைச் சர்க்கரையை மட்டும் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். அந்த நான்கு வகைகளால் வரும் நிமோனியா, ஊசி போட்டவர்களிடம் கிட்டத்தட்ட நின்றே போயிற்று. முடிவு 1945-ல் வெளிவந்தது. ஆனால் அதே சமயம் பென்சிலினும் வந்துவிட்டது. மருந்து இருக்கும்போது ஊசி எதற்கு என்று டாக்டர்கள் நினைத்தார்கள். விற்பனைக்கு வந்த ஆறு வகை ஊசியைக் கேட்பார் இல்லாமல் கம்பெனியே நிறுத்திவிட்டது.

ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற டாக்டர் மட்டும் விடவில்லை. தன் மருத்துவமனைக் கணக்கை வருடக்கணக்கில் சேர்த்து 1964-ல் வெளியிட்டார். நோய் தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்குள் இறந்துபோகிறவர்களைப் பென்சிலினால் காப்பாற்ற முடியவில்லை என்று அந்தக் கணக்கு காட்டியது. பிறகு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் ஊசியைச் சோதித்தார்கள். 1977-ல் 14 வகை ஊசி வந்தது, 1983-ல் 23 வகை. உங்கள் மாமியாருக்கு எழுதியிருப்பது அதன் வாரிசுதான்: வெறும் சர்க்கரை, வேறு எதுவும் சேர்க்காதது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. இதைக் குழந்தைக்குப் போட்டால் என்ன?

போட்டால் கெடுதல் என்று பெரிதாக இல்லை, பலன்தான் இல்லை. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் எதிர்ப்புச் சக்திக்கு வெறும் சர்க்கரைச் சங்கிலி கண்ணில் படாது. ஆன்டிபாடி செய்வது பி செல்கள். ஒரு நல்ல ஆன்டிபாடி வர வேண்டும், அது நினைவிலும் நிற்க வேண்டும் என்றால் பி செல்லுக்கு டி செல் என்ற இன்னொரு வெள்ளை அணுவின் உதவி வேண்டும். பி செல் தான் விழுங்கியதைத் துண்டு துண்டாக வெட்டித் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். டி செல் அந்தத் துண்டைப் பார்த்துத்தான் 'சரி, வேலையைத் தொடங்கு' என்று உத்தரவு தரும். அப்படி ஏந்திக் காட்டும் தாங்கியில் புரதத் துண்டுகள்தான் கச்சிதமாக உட்காரும். சர்க்கரை பொதுவாக உட்காராது. ஆகவே டி செல் வராது. பெரியவர்களிடம் மண்ணீரலில் இருக்கும் ஒரு தனி ரக பி செல்கள், டி செல்லை எதிர்பார்க்காமல் சர்க்கரையைப் பார்த்த மாத்திரத்திலேயே ஆன்டிபாடி செய்துவிடும். நினைவு நிற்காது, ஆனாலும் சில வருடம் தாக்குப்பிடிக்கும். பிறந்த குழந்தையிடம் அந்த ரகம் இன்னும் முதிரவில்லை. முதிர இரண்டு வருடம்போல ஆகும். விபத்தில் அடிபட்டோ நோயினாலோ மண்ணீரலை எடுத்துவிட்டவர்களுக்கு இந்த உறைக்கிருமிகள் ஏன் இவ்வளவு ஆபத்து என்பதற்கும் இதுதான் காரணம். உங்கள் வீட்டில் யாருக்காவது மண்ணீரலை எடுக்கும் அறுவை சிகிச்சை திட்டமிட்டிருந்தால், இரண்டு வாரம் முன்னதாகவே இந்த ஊசிகளைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடி சில மாதங்களில் கரைந்துபோகும். சொந்தமாகச் செய்யும் திறமை இரண்டு வயதில்தான் வரும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் உறைக்கிருமிகள் குழந்தைகளை எடுத்துக்கொண்டு போயின. ஹிப் என்று சுருக்கமாகச் சொல்லும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே பி வகைக் கிருமியின் மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள்தான் வரும். பின்லாந்தில் 1974-ல் சுமார் 1 லட்சம் குழந்தைகளைக் கொண்ட ஒரு சோதனையில் ஹிப்பின் வெறும் சர்க்கரையைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றரை வயது தாண்டியவர்களுக்கு நல்ல பாதுகாப்பு. அதற்குக் கீழே, யாருக்கு மிக அதிகம் தேவையோ அவர்களுக்கு, ஒன்றுமே இல்லை.

இதற்கான வழி அப்போது ஏட்டில் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் எனக்கு எப்போது நினைத்தாலும் மனதை அழுத்தும் விஷயம். ஏவரியும் வால்தர் கோபலும் 1931-லேயே மூன்றாம் வகை நிமோகாக்கஸின் சர்க்கரையைக் குதிரை சீரத்தின் புரதத்தோடு வேதியியல் பிணைப்பில் இணைத்து முயல்களுக்குப் போட்டார்கள். வெறும் சர்க்கரைக்கு அசையாத முயல்கள், புரதத்தோடு கட்டிய சர்க்கரைக்கு ஆன்டிபாடி செய்தன. காரணம் இன்று நமக்கு எளிதாகப் புரிகிறது: சர்க்கரையை அடையாளம் காணும் பி செல் அதைப் பிடித்து விழுங்கும்போது கூடவே புரதமும் உள்ளே போய்விடும். புரதத்தை வெட்டி மேலே ஏந்தும். புரதம் தெரிந்த டி செல் வந்து உத்தரவு தரும். உத்தரவு கிடைத்த பி செல் செய்வதோ சர்க்கரைக்கான ஆன்டிபாடி. ஏவரி காலத்தில் பி செல், டி செல் என்ற பிரிவே யாருக்கும் தெரியாது. ஆனாலும் விடை சரியாக வந்தது. அந்த விடை ஒரு குழந்தையின் தொடைக்கு ஊசியாக வந்து சேர 1987 வரை ஆயிற்று. இடையில் 56 வருடம். ஆண்டிபயாட்டிக் போதும் என்ற நிம்மதிதான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். மூளைக்காய்ச்சலில் உயிர் பிழைத்தும் காது கேட்காமல் போன குழந்தைகளை அந்த நிம்மதி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த இடைவெளியை மூடியவர்கள் இரண்டு ஜோடி. அமெரிக்காவில் ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்னீர்சன் ஒரு பக்கம். டேவிட் ஸ்மித், போர்ட்டர் ஆண்டர்சன் இன்னொரு பக்கம். ஹிப்பின் சர்க்கரையை டிப்தீரியா, டெட்டனஸ் தடுப்பூசிகளில் ஏற்கெனவே பழகிய புரதங்களோடு கட்டினார்கள். கட்டிய இந்த ஊசிக்குத்தான் 'கான்ஜுகேட்' என்று பெயர். தடுப்பூசி அட்டையில் பிசிவி என்று எழுதியிருப்பதில் நடுவில் வரும் எழுத்து அதுதான். அமெரிக்காவில் அதற்கு முன் வருடத்துக்கு சுமார் 20,000 குழந்தைகளுக்குத் தீவிர ஹிப் நோய் வந்துகொண்டிருந்தது. சில வருடங்களில் 99 சதவீதம் குறைந்துபோயிற்று. நான்கு பேருக்கும் 1996-ல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். இந்தியாவில் அரசுத் திட்டத்தின் கீழ் ஹிப் அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி முதன்முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான், 2011 டிசம்பரில். உங்கள் பாப்பாவுக்கு 6, 10, 14 வாரங்களில் போடும் அந்த 'பென்டா'வில் ஐந்தில் ஒன்று இந்தக் கட்டிய சர்க்கரை.

கட்டுவது எளிதான வேலையில்லை. சர்க்கரைச் சங்கிலியில் சில வளையங்களை வேதிப்பொருளால் திறந்து, அந்த முனைகளைப் புரதத்தில் பிணைக்க வேண்டும். அதிகம் திறந்தால் சர்க்கரையின் உருவமே மாறிப்போய், உடம்பு தவறான அடையாளத்தைக் கற்றுக்கொள்ளும். 10 வகை ஊசி என்றால் 10 கிருமிகளைத் தனித்தனியாக வளர்த்து, 10 சர்க்கரைகளைத் தனித்தனியாகச் சுத்தம் செய்து, தனித்தனியாகக் கட்டி, ஒவ்வொன்றையும் சோதித்து, கடைசியில் அரை மில்லிலிட்டரில் கலக்க வேண்டும். உண்மையில் அது பத்து ஊசி. நிமோனியா ஊசியின் விலை ஏன் அவ்வளவு நாள் எட்டாத உயரத்தில் இருந்தது என்பதற்கு இது ஒரு காரணம். ஏன் 23 வகையையும் கட்டித் தரவில்லை என்ற கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. தாங்கும் புரதத்தின் மொத்த அளவும் ஏறிக்கொண்டே போகும்; அளவு மிஞ்சினால் ஒன்றுக்கான எதிர்வினையை மற்றொன்று அமுக்கத் தொடங்கும். இப்போது பெரியவர்களுக்கு 20 வகை, 21 வகை கான்ஜுகேட் ஊசிகளும் வந்துவிட்டன.

விலையை உடைத்துக் காட்டிய ஒரு கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. ஆப்பிரிக்காவில் செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் பகுதிக்கு மூளைக்காய்ச்சல் பட்டை என்றே பெயர். 1996-97-ல் அங்கே மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸின் ஏ வகை பரவி 2,50,000 பேருக்கு மேல் நோய் வந்தது, சுமார் 25,000 பேர் இறந்தார்கள். பெரிய கம்பெனிகளுக்கு அந்த ஊசியில் ஆர்வமில்லை. வாங்கும் நாடுகளிடம் காசு இல்லை. ஒரு ஊசி அரை டாலருக்குள் இருந்தால்தான் வாங்க முடியும் என்று அந்த நாடுகள் சொல்லிவிட்டன. உலக சுகாதார நிறுவனமும் பாத் என்ற தொண்டு அமைப்பும் சேர்ந்து அந்த விலையைக் குறியாக வைத்து, சர்க்கரையைக் கட்டும் முறையை அமெரிக்க அரசு ஆய்வகத்திலிருந்து பெற்று, புனேயில் இருக்கும் சீரம் இன்ஸ்டிட்யூட்டில் செய்ய வைத்தார்கள். 2010 டிசம்பரில் புர்கினா ஃபாஸோவில் தொடங்கியது. கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்டபின் அந்தப் பட்டையில் ஏ வகையால் வரும் கொள்ளைநோய் இல்லாமலேயே போயிற்று. அதே புனே நிறுவனம்தான் பிறகு 10 வகை நிமோனியா ஊசியையும் செய்தது. நம் அரசுத் திட்டத்தில் நிமோனியா ஊசி 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-ல் நாடு முழுக்க வந்தது.

கான்ஜுகேட்டுக்கு இன்னொரு பலன் உண்டு, அது உங்கள் மாமியாருக்கும் சேரும். வெறும் சர்க்கரை ஊசி ரத்தத்தில் மட்டும் காவல் நிற்கும். மூக்கில் குடியிருக்கும் கிருமியை ஒன்றும் செய்யாது. கான்ஜுகேட் மூக்கிலேயே குடியேறவிடாமல் தடுக்கும். அமெரிக்காவில் 2000-ல் குழந்தைகளுக்கு மட்டும் 7 வகை ஊசி போடத் தொடங்கியதும், ஊசியே போடாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் அந்த வகைகளால் வரும் நோய் இறங்கியது. பேரப்பிள்ளையின் மூக்கிலிருந்து தாத்தா பாட்டிக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது.

ஆனால் அதே நாட்டில் அதே வருடங்களில் இன்னொன்றும் நடந்தது. காலியான இடத்தில் ஊசியில் இல்லாத வகைகள் குடியேறின. முக்கியமாக 19ஏ என்ற வகை. இதில் வியப்பு என்னவென்றால், 7 வகை ஊசியில் 19எஃப் இருந்தது. இரண்டின் சர்க்கரைச் சங்கிலியும் அதே மூன்று சர்க்கரைகள், அதே வரிசை. குளுக்கோஸ் தன் அடுத்த ராம்னோஸ் என்ற சர்க்கரையின் எந்தக் கார்பனில் ஒட்டியிருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம்: ஒன்றில் இரண்டாவது, மற்றதில் மூன்றாவது. அந்த ஒரு முடிச்சு மாறியதும் சங்கிலியின் வளைவு மாறிவிட்டது, 19எஃப்-க்கான ஆன்டிபாடி 19ஏ-வை விட்டுவிட்டது. ஆனால் 6பி-யும் 6ஏ-வும் இதே மாதிரி ஒரே ஒரு முடிச்சில் வேறுபடுபவைதான். அங்கே 6பி ஊசி 6ஏ-வையும் ஓரளவு தடுத்தது. தாளில் வரைந்து பார்த்து இதை முன்கூட்டிச் சொல்ல முடியாது, போட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் பாப்பாவுக்குப் போட்ட 10 வகையில் 19ஏ, 19எஃப், 6ஏ, 6பி நான்கும் தனித்தனியாக இருக்கின்றன. அந்தப் பாடத்துக்குப் பிறகு வந்த ஊசி அது.

மூன்றாம் வகை இன்னும் பிடிவாதம். மற்ற வகைகளில் பெரும்பாலானவை உறையைச் செல்சுவரோடு இறுக்கமாகப் பிணைத்து வைத்திருக்கும். இது தளர்வாகப் போர்த்திக்கொண்டு உதறிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடியெல்லாம் உதிர்ந்த சர்க்கரையிலேயே ஒட்டிச் செலவாகிவிடும். 13 வகை ஊசியில் மூன்றாம் வகை இருந்தும் எதிர்பார்த்த பலன் கிடைக்காததற்கு இதைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

சில கிருமிகள் இதைவிட ஒரு படி மேலே போய், நம் உடம்பின் சர்க்கரையையே போர்த்திக்கொள்ளும். பி வகை மெனிங்கோகாக்கஸின் உறை சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையின் சங்கிலி. அதே சங்கிலி நம் நரம்புச் செல்களின் மேலும் இருக்கிறது. அதைப் பகை என்று உடம்புக்குக் கற்றுக்கொடுப்பது ஆபத்து, பெரும்பாலும் உடம்பும் கற்றுக்கொள்ளாது. அதனால் அந்த வகைக்கான ஊசிகளை மட்டும் சர்க்கரையை விட்டுவிட்டுப் புரதங்களைக் கொண்டு செய்தார்கள். கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் கேம்பிலோபேக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி. அதன் மேலிருக்கும் சர்க்கரை நம் நரம்பின் ஜிஎம்1 என்ற பொருளை ஒத்திருக்கும். வயிற்றுப்போக்கு நின்று ஓரிரு வாரம் கழித்துச் சிலருக்குக் கால் மரத்து, பலம் குறைந்து, மேலே ஏறும் கியான்-பாரே வாதம் வருவது, கிருமிக்காகச் செய்த ஆன்டிபாடி நரம்பின் மேலேயே பாய்வதால்தான்.

டைபாய்டையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊருக்கு அது மிக நெருக்கம். டைபாய்டு கிருமியின் உறைக்கு வி-ஐ என்று பெயர். குடலுக்குள் இருக்கும்போது அதைப் போடாமல், திசுவுக்குள் இறங்கும்போது போட்டுக்கொள்ளும். தன் அடியில் இருக்கும் எரிச்சலூட்டும் கொழுப்புச் சர்க்கரையை அது மூடிவிடுவதால் உடம்பு சீக்கிரம் விழித்துக்கொள்ளாது. காய்ச்சல் மெதுவாகப் படிப்படியாக ஏறுவதில் இதற்குப் பங்கு உண்டு. வி-ஐயை டெட்டனஸ் புரதத்தோடு கட்டி ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் செய்த ஊசி நேபாளம், மலாவி, வங்கதேசம் மூன்றிலும் நடந்த பெரிய சோதனைகளில் சுமார் 80 சதவீதமோ அதற்கு மேலோ பாதுகாப்பு தந்தது. 2017 முதல் 2020 வரை நடந்த தேசிய ஆய்வில் வேலூர் நகரப் பகுதியில் வருடத்துக்கு நூறு குழந்தைகளில் ஒருவருக்கு மேல் டைபாய்டு வந்ததைக் கணக்கிட்டார்கள். ஆனாலும் இந்த ஊசி இங்கே பெரும்பாலும் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் கிடைக்கிறது. வசதி இருந்தால் ஒன்பது மாதத்துக்குப் பிறகு குழந்தைகள் டாக்டரிடம் கேளுங்கள். டைபாய்டு போலவே காய்ச்சல் தரும் பாராடைபாய்டு ஏ கிருமிக்கு வி-ஐ உறை கிடையாது, ஆகவே அதை இந்த ஊசி தடுக்காது.

முதலில் சொன்ன கம்பிப்பதக் கிளெப்சியெல்லாவுக்கு இன்னும் ஊசி இல்லை. நம் நாட்டில் பச்சிளம் குழந்தைகளின் ரத்தத் தொற்றுக்கு அது முதன்மையான காரணங்களில் ஒன்று. கடைசிக் கட்ட ஆண்டிபயாட்டிக்குகளுக்கும் பல சமயம் மசியாது. பிறந்த மூன்றாம் நாள் தொற்று வருகிற குழந்தைக்கு ஆறாம் வாரத்தில் போடும் ஊசியால் பயனில்லை. கர்ப்பமாக இருக்கும் தாய்க்குப் போட்டு, ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போக வேண்டும். பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் இன்னொரு கிருமியான பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இந்த வழியில் செய்த ஆறு வகைச் சர்க்கரை ஊசியைத் தென்னாப்பிரிக்காவில் கர்ப்பிணிகளிடம் சோதித்த முடிவுகள் 2023-ல் வந்தன. கிளெப்சியெல்லாவின் உறை வகைகள் 70-க்கு மேல். எந்த வகைகள் நம் வார்டுகளில் இருக்கின்றன என்று முதலில் எண்ண வேண்டும். அந்த எண்ணும் வேலைக்கு இன்னும் கவனமும் பணமும் வர வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். எல்லாச் சர்க்கரையும் வெற்றி தராது என்பதும் தெரிந்ததுதான். புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் உறைச் சர்க்கரையை வைத்துச் செய்த ஊசி 2005-ல் பெரிய சோதனையில் தோற்றது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி: ஊசி போட்டால் நிமோனியா வரவே வராதா? வரலாம். 100 வகையில் 10-க்குத்தான் காவல். வைரஸ் நிமோனியாவுக்கு இதில் காவலே இல்லை. குறைவது மோசமான, ரத்தத்தில் இறங்கும் நோய். ஆகவே பாப்பாவுக்கு மூன்று தவணைகளையும் தவறாமல் போடுங்கள்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். ஒன்பதாம் மாத ஊசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நினைவைப் பலப்படுத்துவது அதுதான். மாமியாருக்குக் கான்ஜுகேட் ஒன்றை முதலில் போட்டுவிட்டுப் பிறகு 23 வகையைப் போடலாமா, அல்லது 20 வகைக் கான்ஜுகேட் ஒன்றே போதுமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், பாப்பாவுக்குச் சளியும் இருமலும் வந்தால், அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.